அந்தப் பெயரை வெட்டவா, விடவா?

நேற்று கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் படத்தைத் திரையிட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

(புதிதாக வந்தவர்களுக்கு: நான் பதுளைக்காரி. எந்த நிறுவனத்திலும் சேராமல் ஆவணப்படம் எடுப்பவள். வாப்பா கடைக்கு வருபவர்களிடம் சொல்வதுபோல, "மகளுக்கு இன்னும் வேலை கெடைக்கல்ல.")

படத்தின் கதை 1920களில் அதே தோட்டத்தில் நடந்தது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம். பிந்தி வந்த பிள்ளைத்தாய்ச்சி சின்னம்மாளை, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி கம்பால் அடித்தார். அவள் விழுந்தாள்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை வந்து கத்தியும் எழும்பவில்லை. அன்று ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து கங்காணி கம்பில்லாமல்தான் வந்தார்.

இதைக் கேமரா முன்னால் சொன்னவர் சின்னம்மாளின் பேத்தி முத்துலட்சுமி அக்கா. கங்காணியின் பெயரையும் சொன்னார்.

அந்தக் கங்காணியின் பூட்டப்பிள்ளை செல்வராஜ் அண்ணன் அதே தோட்டத்தில் த்ரீவீல் ஓட்டுகிறார். அக்காவைக் கிளினிக்குக் கூட்டிப்போவதும் அவர்தான்.

முந்தாநாள் போன் எடுத்தார்.

"தங்கச்சி, படத்துல எங்க பூட்டன் பேரு வருதாமே?"

"வருது அண்ணே."

"ம்." வைத்துவிட்டார்.

அந்த "ம்"முக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் முடிந்தால் நான் பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தாக வேண்டும். பெயரை வெட்டுவது சின்ன வேலை. லேப்டாப்பைத் திறந்தும்விட்டேன். பிறகு அக்காவிடம் கேட்டேன்.

"பேர வெட்டுனா எங்கம்மாச்சிய யாரு அடிச்சதாம், காத்தா? போடு புள்ள."

"அண்ணன் த்ரீவீல் வராட்டி?"

"பஸ்ஸுல போறேன்." கொஞ்சம் கழித்து, "ஏறுறதுதான் கஷ்டம்" என்றார்.

கோயில் முன்னால் திரை கட்டினோம். செல்வராஜ் அண்ணன் கடைசியில் கைகட்டி நின்றார். பெயர் வந்ததும் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

படம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. அவர் முன்னால் நடந்து வந்தார்.

"எங்க வூட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க. அடிச்சது தொர, தடுத்தது பூட்டன்னு. அதச் சொல்லித்தான் எங்கப்பா எங்கள வளத்தாரு." அக்காவைப் பார்த்தார். "ஒங்களுக்கு நல்லாத் தெரியுமாக்கா?"

"அந்த அடியிலதான்டா எங்கம்மா மாசம் நெறையாமப் பொறந்தா. அடிச்சது யாருன்னு எங்கம்மாச்சியே எங்கிட்டச் சொல்லுச்சு. எனக்குத் தெரியாதா?"

அவர் என்னிடம் வந்தார்.

"என்னையும் எடுங்க தங்கச்சி. எங்க வூட்டுக் கதையச் சொல்றேன். அது பொய்யின்னும் நானே சொல்றேன்."

எடுத்தேன். அவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார்.

இத்தனை வருடத்தில் நான் எடுத்தவற்றில் மிக நல்ல காட்சி அது. படம் அதோடுதான் முடிய வேண்டும்.

மைக்கைக் கழற்றும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா படுக்கையில இருக்காரு. அவரு உசுரோட இருக்கமட்டும் இத யாருக்கும் காட்டாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சொன்ன சொல்லை மீற மாட்டேன்; இங்கேயும் ஊர், ஆள் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் காலையிலிருந்து ஒன்று குடைகிறது. நான் இப்போது காத்திருப்பது படத்துக்காகவா, ஒரு மனிதரின் சாவுக்காகவா?