தொண்டை கட்டிய வாரம்

பெருங்களத்தூரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருவதுதான் என் தொழில். ஆபீஸ் என்று எதுவும் கிடையாது. இரண்டு பழைய வண்டிகள், ஒரு போன், அப்புறம் என் தொண்டை. மனை பிரித்துவிட்டு இன்னும் வீடு கட்டாமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டின் காலித் தெருக்கள்தான் வகுப்பறை. அங்கே வாக்கிங் வருகிற பெரியவர்கள் என் குரலைக் கேட்டே மணி நாலாகிவிட்டது என்று தெரிந்துகொள்வார்களாம். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

கத்துவேன். நன்றாகவே கத்துவேன். பின்சீட்டில் உட்கார்ந்து, "பிரேக்கு, பிரேக்கு, ஐயோ ஆக்ஸிலேட்டரை விடும்மா, கண்ணு எங்க போகுது?" என்று தெருமுனை வரை ஓயமாட்டேன். கற்றுத் தருவது என்றாலே அதுதான் என்று நினைத்திருந்தேன். பாதியில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். இந்த ரோஷத்துக்கு எங்கேயிருந்து வண்டி வரும் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கற்றுக்கொள்ள வந்தார். நாற்பதைத் தாண்டியவர். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, சிறுசேரிப் பக்கத்து அபார்ட்மெண்ட்களில் விற்பவர். கூடையோடு மொபெட்டில் கொண்டுபோய் விடுவது அவர் புருஷன். அந்த மனுஷனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, இனி வண்டியே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன்கூடையைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோக்காரர்கள் நிறுத்துவதில்லை. பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் போன் ஆப்பில் மீன் வாங்கிவிடுகிறார்கள்.

"ரெண்டு மாசம் போவலன்னா அந்த சனங்க என்ன மறந்துடும்க்கா. அப்பால நான் எங்க போவேன்?" என்றார்.

"அதுக்கு உங்க ஊர்ப் பக்கமே கத்துக்கலாமே. இவ்வளவு தூரம் ஏன் வரணும்?"

"அங்க வுழுந்தா குப்பமே நின்னு வேடிக்கை பாக்கும். இங்க நீ ஒருத்திதான பாப்ப."

எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. பிடித்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கத்துவேன் என்பது வேறு விஷயம்.

வண்டி அவருக்கு வரவில்லை. நேராகத்தான் போய்க்கொண்டிருப்பார். நான் ஒரு சத்தம் போட்டதும் சட்டென்று தலை பின்னால் திரும்பும், வண்டி சாயும், இரண்டு கால்களும் தரையில் தேயும். "முன்னாடி பாருங்க" என்று இன்னும் பலமாகக் கத்துவேன். இன்னும் திரும்புவார். ஒருநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து வேலிக்காத்தான் புதரில் விழுந்தோம். அவர் முழங்காலில் ரத்தம். புடவையைத் தட்டிக்கொண்டே, "எனக்கு வராதாக்கா?" என்று கேட்டார். வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் எனக்குக் குரலே எழும்பவில்லை. ஜலதோஷத்தோடு கத்தியதில் தொண்டை மொத்தமாகக் கட்டிக்கொண்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் முழுக்கத் தீபாவளிதான். "டாக்டருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் குடுத்துட்டு வரவா?" என்றார். என்னால் முறைக்கத்தான் முடிந்தது.

அந்தம்மா அதற்குள் பஸ் ஏறியிருப்பாரே என்று லேஅவுட்டுக்குப் போனேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஏறுங்கள் என்று கையை ஆட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி ஆடியது. பிரேக் என்று கத்த வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. அவர் திரும்பவில்லை. கொஞ்சத்தில் ஆட்டம் நின்றது. தெருமுனையில் வளைந்தார், அடுத்த முனையிலும் வளைந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்வது? இருட்டுகிற வரைக்கும் சுற்றினோம்.

"இன்னாக்கா, இன்னிக்கு வண்டி நான் சொன்ன பேச்சக் கேக்குது" என்றார் இறங்கியதும். பிறகு கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காத. பின்னால ஒரு கொரல் வந்தா நான் திரும்பிடுவேன். எங்க பொழப்பு அப்டி. எந்த மாடிலேந்தாவது 'மீன்காரம்மா'ன்னு ஒரு சத்தம் வந்தா திரும்பணும், இல்லாங்காட்டி யாவாரம் போச்சு. இத்தினி வருசமா கழுத்துக்கு அதே பழக்கமாப் போச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொழில் ஆரம்பித்த புதிதில் என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அன்று பிடித்த பயம் எனக்கு. கோபக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அது பயம்தான். என் எடை போதாதென்று அதையும் சேர்த்துப் பின்சீட்டில் ஏற்றி, கற்றுக்கொள்ள வந்தவர்களை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் மற்றப் பெண்களும் நன்றாகவே ஓட்டினார்கள். ஒருத்தி, "சீக்கிரம் குரல் சரியாகணும் மேம்" என்று வாயால் சொன்னாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

குரல் வந்த பிறகு, வண்டி ஓடும்போது பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எதுவானாலும் நிறுத்தச் சொல்லித் தோளைத் தட்டிவிட்டு, நின்ற பிறகுதான் பேச்சு. அந்தம்மா வண்டி பழகியதைவிட நான் வாயை மூடப் பழகுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவர் தாம்பரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். அதை ஊருக்கு ஓட்டிப் போக வேண்டும். மனசு கேட்காமல் நானும் என் வண்டியில் பின்னாலேயே போனேன். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் சாலை. ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. ஒரு வேன்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு மாடு குறுக்கே வந்தது. ஒவ்வொன்றுக்கும் என் தொண்டைவரை வந்த சத்தத்தை விழுங்கினேன். அவர் முதுகு அசையாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

கேளம்பாக்கம் நெருங்கியதும் நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சொல்லாமல் போக மனசு வரவில்லை. சாலை கொஞ்சம் காலியான இடமாகப் பார்த்து, "மீன்காரம்மா" என்று கூப்பிட்டேன்.

தலை திரும்பவில்லை. இடது பக்க இண்டிகேட்டர் மின்னியது. வண்டி மெதுவாக ஓரங்கட்டி நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் திரும்பினார்.

"இன்னாக்கா, மீன் வோணுமா?" என்று சிரித்தார். "காலைல சிறுசேரிய முடிச்சுட்டு உன் வூட்டுக்கே கொண்டாரேன்."

கொண்டு வாங்க என்று சொல்லத்தான் பார்த்தேன். தொண்டை மறுபடியும் கட்டிக்கொண்டது.