தீர்ந்துபோன கரி

குன்னூரில் பனிக்காலம் வந்துவிட்டால் வீட்டிலுள்ள ஒவ்வொரு இடுக்கும் என் அம்மாவுக்குப் பகை. தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வருஷம், அவள் படுத்திருந்த அறையின் ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவையைக் கிழித்துத் திணித்துவிட்டார். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரும்புச் சட்டியில் கரி மூட்டி வெளித்தாழ்வாரத்தில் வைத்துக் கைகாய்வது எங்கள் வழக்கம். அதை உள்ளே கொண்டுபோகாதே என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். நான் சொல்லி அம்மா எதைக் கேட்டிருக்கிறார்?

வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. அந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள் மதியம் ஒன்பதாம் வகுப்பில் பொருண்மை அழியா விதி. கரித்துண்டுகளை எடைபோட்டு, எரித்து, மிஞ்சிய சாம்பலையும் எடைபோட்டேன்.

"மீதிக் கரி எங்கே?"

"தீந்துபோச்சுங்க மிஸ்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதுவும் தீர்ந்துபோகாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிவிட்டது. அவ்வளவும் இந்த ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது."

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "ஜன்னலச் சாத்தியிருந்தா, மிஸ்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கிழித்த புடவை கண்முன் வந்தது. காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்கு போன் செய்தேன்.

"ஏங்கண்ணு?" அம்மாவின் குரல் குழறியது. "புள்ளைக்குக் குளுருதேன்னு சட்டிய உள்ள வெச்சேன். ரெண்டு பேரும் அசந்து தூங்கறாங்க. எனக்குத்தான் தலை பாரமா இருக்குது."

"கதவைத் தொறம்மா! ஜன்னலைத் தொற!"

"எதுக்குப் பயப்படறே? கரிதான் எல்லாம் தீந்துபோச்சே."

அப்புறம் பேச்சில்லை. போன் கட்டாகவும் இல்லை. நான் கத்தக் கத்த மறுமுனையில் எதுவுமே கேட்கவில்லை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப்பாதையில் இறங்கி ஓடினேன். வழியெல்லாம், மூன்று பேரில் யாரை முதலில் தூக்குவது என்ற ஒரே யோசனை. அந்த யோசனை வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

அறைக்கதவைத் தள்ளினேன். அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தார். தங்கை முனகினாள். குழந்தையிடம் அசைவே இல்லை. அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மூக்கின் கீழ் விரல் வைத்தேன். குளிரில் விரல் மரத்துப் போயிருந்ததால் மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அம்மா அத்தனை பாடுபட்டு வெளியே நிறுத்திய பனிக்காற்றில் அதன் துணியை விலக்கி, உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடியும் சுண்டினேன்.

வீறிட்டு அழுதது. நானும் அழுதேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார் மற்ற இருவரையும் வெளியே தூக்கிவந்து எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் வைத்ததில் மூவரும் பிழைத்தார்கள்.

"சட்டியில ஒரு பிடி சாம்பல்தான் இருந்துச்சு," என்று அம்மா டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வந்து என் பக்கத்தில் படுத்தால், தூங்கியதும் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேன். கூசுகிறது பெரியம்மா என்று தூக்கத்திலேயே கையைத் தட்டிவிடுகிறாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் வைக்கிறேன்.