எதிர்த்தரப்பில் ஒரு கணவன்

நாலுமூலைக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை ஆகாதவர்கள் சொல்லவில்லை, அவளே சொல்லுவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். மடித்த விரிப்பில் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்றால், மடித்தது யாராக இருந்தாலும் உதறிப் போட்டு "மறுபடி" என்பாள். அதனால் வந்த பெயர் அது. நீராவி இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அப்படியே நின்றுவிட்டது. வீட்டிலும் அதே குரல், பஸ்ஸிலும் அதே குரல். கோர்ட்டிலும் அதே குரலில் பேசியதுதான் வினையாகப் போயிற்று.

முதல் வாய்தா அன்று நீதிபதி கேட்டது ஒரே கேள்வி, வக்கீல் வைத்திருக்கிறீர்களா என்று. இல்லை என்று சொல்லிவிட்டு அவள் சும்மா நின்றிருக்கலாம்.

"வக்கீல் எதுக்குங்க? தள்ளினேன். ஆமா, தள்ளினேன். அந்த ஆளு கையப் பிடிச்சா தள்ளாம கொஞ்சவா முடியும்?" என்று கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். அரசுத் தரப்பு வக்கீல் குனிந்த தலை நிமிராமல் மளமளவென்று எழுதினார்.

நீதிபதி கையை உயர்த்தினார். "அம்மா, இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. இது ஜெயில் தண்டனை வரைக்கும் போற கேஸ். வசதி இல்லேன்னா பின்கட்டடத்துல இலவச சட்ட உதவி இருக்கு, போய் மனு கொடுங்க. அடுத்த வியாழக்கிழமை வக்கீலோட வாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கெட்டு முடிவதற்குள் நீதிபதியே பரிதாபப்பட்டுத் தடுத்தார். நல்ல மனுஷர்.

நடந்தது இதுதான். அவர்கள் வீடு இரண்டு மாடி. மேலே கணவனின் அண்ணன், தனி ஆள். கீழே இவளும் கணவனும். தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்ச் மேல்மாடி வாசலில் இருந்தது. அதை அண்ணன் மனம் வந்தால் போடுவார், வராவிட்டால் இல்லை. அன்று சலவைக்கூடத்தில் வெளுப்பு மருந்து தெறித்து, கையெல்லாம் எரிய எரிய வீட்டுக்கு வந்தாள். குழாயைத் திறந்தால் காற்று வந்தது. வெளிப்படிக்கட்டில் ஏறிப் போய் ஸ்விட்சில் கை வைத்தாள். அண்ணன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் உதறித் தள்ளினாள். அவர் ஒன்பது படி உருண்டார், இடுப்பெலும்பு முறிந்தது. இவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், ஒருவேளை இவள் மடித்துக் கொடுத்த விரிப்பிலேயே படுத்துக்கொண்டு, 'காரணமே இல்லாமல் பின்னாலிருந்து தள்ளினாள்' என்று புகார் கொடுத்தார்.

இதையெல்லாம் படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தவன் ஒருவன் உண்டு. அவள் கணவன்தான். லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். போலீஸ் வந்து கேட்டபோது, "நான் குளியலறையில இருந்தேன், எதையும் பார்க்கல" என்றான். தண்ணீரே வராத வீட்டில் குளியலறைக்குள் என்ன வேலை என்று கேட்கப் போலீஸ்காரருக்குத் தோன்றவில்லை.

அவனுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைமை. உண்மையைச் சொன்னால் மனைவி தள்ளியதையும் சொல்ல வேண்டும், அண்ணன் கை வைத்ததையும் சொல்ல வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்துத் தொழில் படிக்க வைத்தவர் அண்ணன். அவர் இவள்மேல் கை ஓங்கியது இது முதல் தடவையும் இல்லை. முன்னால் இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன்மேல் அவளுக்கு இருந்தது வெறும் கோபம், வந்தால் போகும். சுவரைப் பார்த்து நின்றவன்மேல் இருந்தது கோபம் இல்லை, வலி. பதினாலு வருஷமாக அது அப்படியே கிடந்தது.

சட்ட உதவி அலுவலகம் என்பது ஒரு நீள அறை, ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், மூலையில் முனகிக்கொண்டே நகலெடுக்கும் ஓர் இயந்திரம். டோக்கன் வாங்கி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தபின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அவளைக் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார்.

"ரெண்டு பூட்டும்மா இதுக்கு. முதல் பூட்டு, கேஸ் எவ்வளவு பெருசுன்னு. ஜெயிலுக்குப் போகலாம், வேலை போகலாம்னு இருந்தா திறந்துரும். உங்களுக்குத் திறந்தாச்சு."

அது சரிதான். குற்றம் நிரூபணமானால் மறுநாளே வேலை இல்லை என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் கடிதமே கொடுத்திருந்தது. அதையும் மனுவோடு வைத்திருந்தாள்.

"ரெண்டாவது பூட்டு, வருமானம். உங்க சம்பளம் வரம்புக்குள்ளதான் இருக்கு. வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக்."

குமாஸ்தா அந்தச் சம்பளத்தையும் எழுதிக் கூட்டினார். பேனாவை மூடி வைத்தார். "தாண்டிருச்சேம்மா."

"அவர் சம்பளம் என் கண்ணுல பட்டாத்தானேங்க? பாதி மேல்மாடிக்குப் போயிரும். வெளி வக்கீல் ஒருத்தரைக் கேட்டேன், எங்க ரெண்டு பேரு ஆறு மாச சம்பளத்தைக் கேக்குறார். எட்டாத கனிக்கு எங்க போறது?"

"மேல்மாடிக்குன்னு மனுவுல ஒரு கட்டமும் இல்லையே. ஒரே அடுப்புன்னா ஒரே வருமானம். அதான் விதி."

"அப்ப பிரிஞ்சுட்டோம்னு எழுதிக்குங்க."

"பொய் எழுதினா அதுக்குத் தனியா ஒரு கேஸ் வரும். இருக்கறது போதாதா?" அவர் மனுப் பாரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். "புருஷனோ பொண்டாட்டியோ அதே கேஸ்ல எதிர்த்தரப்புல இருந்தா, அதாவது புகார் கொடுத்தவரா, இல்ல அரசுத் தரப்புச் சாட்சியா இருந்தா, அவங்க சம்பளத்தைச் சேர்க்கறதில்ல. வீட்டுக்காரர் சாட்சியா?"

"ஒண்ணுமே பார்க்கலைன்னு சொல்லிட்டாருங்க."

"அப்ப சேர்த்துத்தான் ஆகணும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் தணித்தார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் மனுவை மூட மாட்டேன். ஏதாவது மாறினா வாங்க."

மறுநாள் சலவைக்கூடத்தில் விரிப்பின் எதிர்முனையைப் பிடிக்கும் தோழி, "பேசாம ஒத்துக்கிட்டு அபராதத்தோட முடிச்சுக்கோ. முதல் தடவைங்கறதால உள்ள தள்ள மாட்டாங்க" என்றாள்.

"ஒத்துக்கிட்டா வேலை போயிரும்டி. அப்புறம் இந்த முனைய உன் மாமியாரா வந்து பிடிப்பாங்க?"

தோழி சிரித்தாள். நாலுமூலைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொடி எழுத்து வரிதான் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடியது. அன்றைக்கு இரண்டு விரிப்பை அவளே கோணலாக மடித்தாள்.

சாயங்காலம் கணவன் வாசலில் உட்கார்ந்து கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, எனக்கு எதிரா சாட்சி சொல்லுங்க."

அவன் துடைப்பதை நிறுத்தினான். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

அவள் விதியைச் சொன்னாள். அவன் புரியாமல் விழித்தான், மறுபடி சொன்னாள். அவள் தள்ளியதைப் பார்த்தேன் என்று அவன் சொன்னால்தான் அவளைக் காப்பாற்ற வக்கீல் வருவார். இப்படி ஒரு கணக்கை எந்தப் புண்ணியவான் போட்டான் என்று தெரியவில்லை, ஆனால் கணக்கு அதுதான்.

"நான் சொன்னா நீ உள்ள போயிருவ."

"சொல்லலேன்னாலும் போவேன். நான்தான் கோர்ட்லயே ஒத்துக்கிட்டேனே. வக்கீல் இருந்தா எதுக்குத் தள்ளினேன்னு கேக்கவாவது ஒரு ஆள் இருக்கும்."

"அண்ணன் அங்க படுத்துக் கிடக்காரு."

"நான் இங்க நின்னுட்டிருக்கேன்."

அவன் துணியைத் திருப்பிப் போட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரலைத் துடைத்தான்.

"என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொல்லுங்க. பார்த்தீங்கல்ல?" என்றாள். குரல் உடைந்தது. அது வழக்கமான குரல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தான், சாப்பிடாமல் படுத்தான். திங்கட்கிழமை காலை கருவிப்பையை எடுக்காமல் கிளம்பினான். அவள் கேட்கவில்லை. கேட்டால் போகாமல் இருந்துவிடுவானோ என்று பயம். மத்தியானம் திரும்பி வந்தவன் சட்டையெல்லாம் வியர்த்திருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துட்டேன். முன்னாடி ஏன் பொய் சொன்னேன்னு ரெண்டு மணி நேரம் உட்கார வச்சுட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பார்த்ததை."

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் பதில் வராது என்று அவளுக்குப் பதினாலு வருஷப் படிப்பு. ஆனால் அன்று முழுக்கத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்ததைச் சொன்னான்? அவள் தள்ளியதை மட்டும் சொல்லியிருந்தால்? அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தானே, அவர் சொன்ன 'பின்னாலிருந்து' என்கிற வார்த்தையை இவனும் சொல்லியிருந்தால்? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, வக்கீலைப் பிடிக்கப் போய்க் கழுத்துக்கே கத்தியை வாங்கி வைத்துக்கொண்டோமோ என்று பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை குமாஸ்தா, போலீஸ் அனுப்பியிருந்த சாட்சிப் பட்டியலில் விரலை இறக்கிக்கொண்டே வந்து ஆறாவதில் நிறுத்தினார். "குற்றம் சாட்டப்பட்டவரின் கணவர். நேரில் கண்ட சாட்சி." பாரத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் சம்பளத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு முத்திரை குத்தினார். "இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலில உட்கார்ந்திருக்கேன். புருஷன் எதிரா சாட்சி சொன்னதுக்காக வக்கீல் வாங்கிட்டுப் போற முதல் ஆள் நீங்கதாம்மா."

அவள் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை காலை, வாய்தாவுக்கு முந்தின நாள், வக்கீலம்மா அவளைக் கோப்புகள் அடுக்கிய சின்ன அறைக்குள் உட்கார வைத்தார். கூட வந்த கணவனை வெளியே பெஞ்சிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்புச் சாட்சி உள்ளே வரக்கூடாதாம். வக்கீலம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, அவசரமே இல்லாமல் படித்தார்.

"'என் மனைவி என் அண்ணனைத் தள்ளியதை நான் நேரில் பார்த்தேன்.'"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மா தாளைத் திருப்பினார்.

"'அதற்கு முன்னால் என் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதையும் பார்த்தேன். அவர் என் மனைவிமேல் கை வைத்தது இது மூன்றாவது முறை. முதல் முறை எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் மாதம், சமையலறையில். இரண்டாவது முறை என் அம்மா இறந்த வருஷம், வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க. மூன்று முறையும் நான் அங்கேயே நின்றேன். ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. நான் தடுத்திருந்தால் அவள் தள்ள வேண்டி வந்திருக்காது.'"

நகலெடுக்கும் இயந்திரத்தின் சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்டது. சமையலறை என்றுகூட ஞாபகம் வைத்திருக்கிறானே என்று நினைத்தாள். அவன் அன்றைக்கே மறந்துவிட்டான் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"ஜெயிச்சுருவோம்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. "ஆனா இப்ப நிக்கறதுக்கு இடம் இருக்கு. நாளைக்கு நீங்க வாயே திறக்க வேண்டாம், நான் பேசிக்கறேன். இன்னொண்ணு. கேஸ் முடியற வரைக்கும் இந்த வாக்குமூலத்தைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. நல்லா இருக்குன்னும் சொல்லக்கூடாது, ஏன்னும் கேக்கக்கூடாது. பொண்டாட்டி சொல்லிக் கொடுத்த சாட்சின்னு ஆயிரும்."

"எத்தனை நாள்?"

"ஆறு மாசம். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

வெளியே வந்தாள். அவன் பெஞ்சிலிருந்து எழுந்தான். முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் அவள் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான்.

"என்ன சொன்னாங்க?"

அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஏன் இவ்வளவு நாள் என்று கேட்க வேண்டும், நன்றாகத் திட்ட வேண்டும், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"கேஸைப் பத்தி உங்ககிட்ட பேசக்கூடாதாம்."

"சரி" என்றான் அவன். பேசாமல் இருப்பது அவனுக்குக் கை வந்த கலை. தண்டனை அவளுக்குத்தான்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவன் நின்று திரும்பினான்.

"ஏன் அழற?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதையும் சொல்லக்கூடாது."