பூச்சியமாகிப் போன கால் ஏக்கர்

போரின் கடைசி ஆண்டுகள் அவை. இடம்பெயர்ந்து மட்டக்களப்பு முகாம்களில் கிடந்த வாகரைச் சனம் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு விதைநெல் கொடுத்த ஒரு நிவாரண நிறுவனத்தில் நான் விபரங்களைக் கணினியில் பதியும் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த மிதப்பும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

பதிவது நான் என்றாலும், பட்டியலை எடுக்கும் கணினிக் கட்டளை கொழும்புத் தலைமை அலுவலகத்தில் எழுதி அனுப்பியது. அழுத்தினால் பெயரும் ஏக்கரும் வரிசையாக வந்து விழும். அன்று காலை பட்டியலை வெளியே ஒட்டினோம். பின்னேரம் அது படைமுகாமுக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். அதில் உள்ள ஏக்கருக்கான நெல்தான் சோதனைச் சாவடியைத் தாண்டும்.

கொஞ்ச நேரத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள்.

"மிஸ், என்ர பேருக்கு நேரே பூச்சியம் போட்டிரிக்கு. பூச்சியமெண்டா நெல் இல்லையாமே?"

"கம்ப்யூட்டர் பிழை விடாது. நீங்கதான் பதியக்குள்ள மாறிச் சொல்லியிருப்பீங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு!

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் ஏக்கர் மிஸ். அம்மாட ஒரு ஏக்கரை எங்க நாலு பேருக்கும் சீதனமாப் பிரிச்சது. மூணு அக்காமாருக்கும் பூச்சியம்தான். நாலு பேருமா பொய் சொல்லுவம்?"

சுருக்கென்றது. பட்டியலை மறுபடி பார்த்தேன். பூச்சியங்கள் நிறைய இருந்தன, அநேகமாக எல்லாம் பெண்களின் பெயர்கள். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும், பிரியப் பிரியச் சிறுக்கும். கட்டளை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்? கணினியைத் திறந்து பார்த்தால், நான் பதிந்த 0.25 உள்ளே அப்படியே இருந்தது. தசமம் வேண்டாம், முழு எண்ணாகக் காட்டு என்று கட்டளையில் இருந்ததால்தான் கால் எல்லாம் பூச்சியமாகியிருந்தது. அரை ஏக்கர்காரருக்கு ஒன்று என்று விழுந்திருந்தது. அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை!

ஓடிப்போய்ச் சொன்னதும் பொறுப்பதிகாரி தலையில் கைவைத்தார். "கையெழுத்தும் வச்சு முடிஞ்சு பிள்ளை. இண்டைக்கு முத்திரை விழாட்டி எல்லாருக்கும் விதைப்புத் தப்பிடும்."

"பார்க்காம விட்டது என்ர பிழை எண்டு எழுதித் தாறன் சேர். ஒரு மணித்தியாலம் மட்டும் தாங்க."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றுவிட்டது. ஜெனரேட்டரில் டீசல் மட்டுமட்டாக இருந்தது. அதுவரை அந்தக் கட்டளையில் நான் கைவைத்ததே இல்லை. எழுத்துத் தவறியதால் கணினி இரண்டு தரம் மறுத்துவிட்டது, அழுகை வந்தது. மூன்றாம் தரம் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டச் சொன்னது சரிவந்தது. அச்சுப்பொறி கரகரவென்று 0.25, 0.25 என்று துப்பத் துப்ப எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. அதிகாரி புதுப் பட்டியலில் கையெழுத்து வைத்தார். பின்னேரமே முத்திரையும் விழுந்தது.

நெல் கொடுத்த அன்று நாலு சகோதரிகளும் ஒன்றாக வந்தார்கள். கோபப்பட்டவள் தன் பெயருக்கு நேரே விரலை வைத்து, "இப்ப சரி மிஸ், இதுதான் எங்கட காணி" என்றாள். சம்பளம் வாங்கிய எந்த நாளிலும் நான் அப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை.

இன்று எனக்குக் கீழே பலர் வேலை செய்கிறார்கள். ஆனால் எந்த அறிக்கையில் பூச்சியத்தைக் கண்டாலும், அதற்குள் யாருடைய வயலாவது கிடக்கிறதா என்று நானே திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கிறேன்.