சந்தை வழியே ஒரு தகர டப்பா

1. வாழ்த்து வந்தது, டப்பா வரவில்லை

கண்டியில், தோட்டத் தொழிலாளர்களுக்காக இந்திய சர்க்கார் நடத்திய ஆபீஸில் பத்து வருஷம் இருந்தேன். துரைமார்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவில் பேசிச் சமாதானம் செய்வதே உத்தியோகம். பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு. குழித்துறையில் ஒரு தகர டப்பா அதை இறக்கி வைத்தது.

ஓய்வுபெற்று வந்து நான் தொடங்கிய தர்ம வைத்தியசாலையின் முதல் வேலை, குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் ஒழிப்பு. திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவர் மைக்ராஸ்கோப்போடு பத்து நாள் வந்து தங்கினார். மலம் கொண்டுவர ஆளுக்கொரு மூடி டப்பா கொடுத்தோம். புழு இருந்தால் மருந்து. ஏழு நாளாகியும் ஒரு டப்பாகூட வரவில்லை.

விசாரிக்கப் போன கம்பவுண்டர் யேசுவடியான் சிரிப்பை அடக்கியபடி வந்தார்.

"அய்யா, எல்லா வீட்டுலயும் டப்பாவுல வெத்திலைக்குச் சுண்ணாம்பாக்கும் வச்சிருக்காவ. மூடி நல்ல இறுக்கமாம். அய்யாவ வாழ்த்துறாவ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டுப் பாக்கியம் முகம் வெளிறி, கால் வீங்கி, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் இருந்தாள். டாக்டர் கிளம்ப மூன்று நாளே இருந்தது.

2. யார் முதலில்?

பாக்கியத்தின் கணவன் தங்கையனிடம் போய்க் கெஞ்சினேன்.

"மருந்து வேணும்தான் அய்யா. ஆனா அதக் கையில வச்சிட்டு சந்தை வழியா ஆரு முதல்ல நடக்கியது? பொறவு எனக்குப் பேரே அதாக்கும்."

"நான் நடந்தா?"

"நீங்க நடக்க மாட்டிய."

கண்டியில் முதல் கையெழுத்துப் போட இரு தரப்பும் மறுத்தால் கூட்டத்தை ஒத்திவைப்போம். இங்கே அதற்கு நாளில்லை. மறுநாள் சந்தை கூடியதும், கோட்டும் தலைப்பாகையுமாக, என் டப்பாவை இரு கையாலும் ஏந்தி நடந்தேன். மகாராஜா கொடுத்த சன்மானம் என்று நினைத்து வாழைக்குலை வியாபாரிகள் எழுந்து கும்பிட்டார்கள். பின்னால் வந்த யேசுவடியான் விஷயத்தைச் சொல்ல, கும்பிட்ட கைகள் மூக்கைப் பொத்தின.

டாக்டர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "புழு உங்களுக்கும் உண்டு, சார்."

மண்ணிலிருந்து பாதம் வழியே ஏறும் புழு; வாழைத்தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்த பலன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நம் பலவீனம் வெளியே தெரியக்கூடாது என்பதே நான் கற்ற தொழிலின் முதல் பாடம். ஆனால் வாசலில் தங்கையன் நின்றிருந்தான்.

"அய்யாவுக்கும் உண்டா?"

"உண்டு மக்கா. நிறைய."

காலையில் வைத்தியசாலை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் தங்கையன், கையில் சுண்ணாம்பு போகக் கழுவிய இரண்டு டப்பாக்கள்.

பொதுச்சேவைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிறரிடம் கேட்பதை முதலில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்து வருஷ உத்தியோகம் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பாக்கியம் இடுப்பில் நிறைகுடத்தோடு வந்து நின்றாள்.

"அய்யா, புதுசா ஒரு டப்பா தாருங்க. சுண்ணாம்பு வைக்க ஒண்ணுமில்ல."

இரண்டாகக் கொடுத்தேன்.