பீப்பாயில் நீந்திய மடவை

எழுபதுகளில் எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருந்தேன். அங்கே உள்ளூர்க்காரர் ஒருவர் கூலிவேலை பார்த்தார்; கடல்நீர்க் குழாயை அடைக்கும் பச்சைப் பாசியை வாரிப்போடுவது அவர் வேலை. எந்தத் தண்ணீரையும் உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்ப்பார். ஒருநாள் எங்கள் கழிவுநீரை ஒரு பீப்பாயில் பிடித்து, அதில் பாசியைப் போட்டார்.

“ஏற்கெனவே கலீஜு, இதுல பாசி வேறயா?” என்று சிரித்தேன்.

“ஆத்துல பாசி கீற எடத்துலதான் சார் மீன் குஞ்சு கீது. பத்து நாள் பாரு.”

பத்தாம் நாள் முகர்ந்தார். ஒரு மடவைக் குஞ்சை உள்ளே விட்டார். எங்கள் கழிவுநீரில் ஒரு மணி நேரம் பிழைத்த மீன் கிடையாது. இது மூன்று நாள் துள்ளியது. ஆய்வகமே கைதட்டியது.

“பாஸாயிட்டான் சார், வூட்டுக்கு அனுப்பிடலாம்” என்று மீனை வாளியில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார். எங்கள் கழிவு விழும் இடத்தைத் தாண்டி, அரை மைல் நடந்துபோய்த்தான் அதை விட்டார்.