குளம் நிறைந்திருக்க வேண்டும்

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பெனியில், சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான பிரிவில். வீட்டிலிருந்தே வேலை, வீடு வடசேரியில். எங்கள் டேட்டா சென்டர்கள் குடிக்கிற தண்ணீருக்கு ஈடாக வேறெங்காவது மண்ணுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை. எங்கள் பக்கம் ஒரு குளம் தூர்ந்து கிடக்கிறது என்று முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னவள் நான்தான். அனுமதி வந்தது, தூர் வாரினோம், ஐப்பசி மழையில் குளம் தளும்பியது. வெற்றிக்கான அளவுகோலையும் நானே எழுதினேன்: தை மாதச் செயற்கைக்கோள் படத்தில் குளம் நிறைந்திருக்க வேண்டும். அது தேறினால்தான் பக்கத்துக் குளத்துக்கு அனுமதி.

படம் எடுக்க நாலு நாள் இருக்கையில் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். பாதித் தண்ணீர்கூட இல்லை. பாசன சங்கத் தலைவர் மடைப் பக்கம் நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கொளத்த இப்பிடி காலி பண்ணிட்டிய?"

"கும்பப்பூ நெல்லுக் கதிரு பால் பிடிக்க நேரம்லா மக்கா. இப்பம் தண்ணி விடலன்னா எல்லாம் பதராப் போவும்."

நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அளவுகோல் எழுதும்போது மட்டும் மறந்து தொலைத்திருக்கிறேன். படத்தில் குளம் நிறைந்து தெரியாவிட்டால் பக்கத்துக் குளம் கைநழுவிவிடும் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"நீங்கதான தூர் வாரித் தந்திய. சொன்னா நாலு நாளைக்கு மடைய அடைக்கேன், மேல இருந்து வார தண்ணில கொளம் நெறஞ்சிரும். அடைக்கட்டா?"

திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. வாய்க்கால் வழியே கடைசி வயல் வரை நடந்தேன். குளம் தூர்ந்த நாளிலிருந்து தரிசாகக் கிடந்த வயல் அது. இப்போது அதில் நெல் நின்றது. திரும்பி வந்து, "அடைக்காதிங்க அண்ணாச்சி" என்றேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் திரையில் குளம் சேறாகத் தெரிந்தது.

"இந்த அளவுகோலை எழுதிய புத்திசாலி யார்?" என்றார் வெளிநாட்டிலிருந்த மேலதிகாரி.

"நான்தான். தப்பாக எழுதிவிட்டேன்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. படத்தைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தச் சொன்னேன். கடைசி வயல் வரை ஒரே பச்சை. அதைப் பார்த்துவிட்டு அவர், அளவுகோலை வயலை அளக்கிற மாதிரி மாற்றி எழுதச் சொன்னார்.

எழுதினேன். பக்கத்துக் குளமும் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் தை பிறந்தால் அந்த மேலதிகாரியிடமிருந்து தவறாமல் எனக்குப் போன் வருகிறது: "குளம் இன்னும் காலியாகவில்லையா?"